வலது பக்கத்துக்குப் போன பால்கனி

டிக்கெட் அக்கா டிக்கெட் கொடுப்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது. அவள் வேலை பார்த்த தியேட்டர் இப்போது மரச்சாமான் கடையாகிவிட்டது. திரை இருந்த இடத்தில் கட்டில்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. முட்டை வாங்க வருகிறவர்கள் இன்றைக்கும் வாசலில் நின்று, "டிக்கெட் அக்கா, ஒரு டஜன்" என்றுதான் குரல் கொடுப்பார்கள்.

தியேட்டர் மூடியபின் சில மாதம் அவளுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கவுண்டரின் சின்ன ஓட்டை வழியாக வரும் கைகளைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுகிறவள், வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் சமயத்தில் சித்தி மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினான். "வந்து வாங்கிக்கிறேன் அக்கா" என்று ஆறு கோழிகளை விட்டுவிட்டுப் போனான். அவன் வந்தான், கல்யாணம் பண்ணிக்கொண்டான், மறுபடி போனான். கோழியைப் பற்றி மூச்சே விடவில்லை. அக்காவும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆறு பெருகி நூற்று நாற்பது ஆயிற்று. அதோடு எட்டு வாத்துகளும் ஒரு வான்கோழியும் சேர்ந்துகொண்டன. வான்கோழி நெஞ்சை நிமிர்த்தி, யாரையும் பார்க்காத மாதிரி எல்லோரையும் பார்த்துக்கொண்டு நடக்கும். தியேட்டர் மேனேஜர் அப்படித்தான் நடப்பார். அதனால் அதற்கும் மேனேஜர் என்றே பெயர்.

கோழிகளுக்கு அவள் பாடம் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவைதான் அவளுக்குத் தெரிந்த பாடத்தையே நடத்திக் காட்டின. கோழி என்பது கிடைத்த இடத்தில் படுத்துக்கொள்ளும் பிராணி அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. பழைய கூட்டில் வாசலில் நுழைந்தால் இடது பக்கச் சுவரோடு உயரமான கம்புகள் இருந்தன. அது பால்கனி. நடுவில் இடுப்பளவுக் கம்புகள், முதல் வகுப்பு. வலது பக்கம் தரையோடு ஒட்டின கட்டைகள், பெஞ்ச். பால்கனியின் மூலை இருக்கை ஒரு கறுப்புக் கோழிக்குச் சொந்தம். அது உள்ளே போய் ஏறி உட்கார்ந்து, இறக்கையை ஒருமுறை உதறிக்கொண்ட பிறகுதான் மற்றவை ஏறும். தெரியாத்தனமாக ஒரு குட்டிக் கோழி பால்கனிக்குப் போனால் தலையில் இரண்டு கொத்து விழும். மூன்றாவதுக்கு அது காத்திருக்காது. சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது அக்கா கூட்டு வாசலில் நின்று, எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போவதைப் பார்ப்பாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் ஒரு நாளின் கடைசிக் காட்சி.

இப்படி இருக்கையில்தான் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரருடைய மகன் அந்த இடத்தில் கட்டடம் கட்டப்போவதாக வந்து நின்றான். காலி பண்ணியாக வேண்டும்.

அக்காவின் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முகத்தில் கவலையே இல்லை.

"நம்ம பொண்ணு இருக்கிற கட்டடத்துல மூணாவது மாடி காலியா இருக்காம். லிஃப்ட் இருக்கு. தண்ணி நிக்காது."

"கோழி?"

"கோழிக்கென்ன, கீழயே சிக்கன் கடை இருக்கு."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முட்டை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மெக்கானிக் தட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "சரி, நீயே ஒரு வீட்டைப் பாரு" என்றார்.

ஊர் முடிகிற இடத்தில் அவள் ஒரு வீடு பார்த்தாள். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் பெரிய தோட்டம். மெக்கானிக் வேண்டாவெறுப்பாக வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். தோட்டத்தின் கோடியில் ஒரு பாதாம் மரம் இருந்தது. அதன் அடியில் போய் நின்றார். காற்று வந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் படுத்து மேலே இரும்பைப் பார்த்தவர். இப்போது மேலே இலையைப் பார்த்தார்.

"கூட்டை இந்த மரத்துக்கு முன்னால கட்டிக்கோ. வாசல் வீட்டுப் பக்கம் பார்க்கட்டும். கூட்டுக்குப் பின்னால, மரத்தடியில, எனக்கு ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ. அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா வரக்கூடாது."

"வராது."

"இன்னொண்ணு. கூட்டிட்டு வந்து ஒரு வாரம் பார்ப்பேன். சாயங்காலம் தானா கூட்டுக்குள்ள போச்சுன்னா இருக்கட்டும். மரத்துல ஒண்ணு, ஓட்டுல ஒண்ணுன்னு நாம துரத்திப் பிடிக்கணும்னா, அது ஆகாது. இந்த முட்டி தேஞ்ச முட்டி. ஞாயித்துக்கிழமை வியாபாரியை வரச் சொல்லிடுவேன், மொத்தமா ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

அதில் நியாயம் இருந்தது. அவருக்கு முட்டி மடங்காது. அவளுக்கு வலது தோள் தூக்காது. நூற்று நாற்பது கோழியைத் தினமும் பிடித்து அடைப்பது இரண்டு பேராலும் நடக்கிற காரியமில்லை. அக்கா ஒத்துக்கொண்டாள். அவளுக்குப் பயமில்லை. கோழிக்கு வீடு முக்கியமில்லை, தன் கம்பும் பக்கத்தில் உட்காருகிறவளும்தான் முக்கியம் என்பது அவள் கட்சி. பழைய கூடு சுவரோடு சேர்த்துக் கட்டியது, பெயர்த்து எடுக்க முடியாது. ஆகவே அதே அளவில், அதே உயரத்தில், அதே வரிசையில் புதிதாக ஒன்று கட்டிவிட்டால் அவை வித்தியாசம் கண்டுபிடிக்காது.

கட்டித் தர அவள் தம்பி இருந்தான். தச்சு வேலை. இடுப்பில் டேப் இல்லாமல் அவனைக் கல்யாணத்தன்றுகூட யாரும் பார்க்கவில்லை. ஊரே அவனை டேப் என்றுதான் கூப்பிடும். நூல் பிசகாது என்பதில் அவனுக்குக் கர்வம் உண்டு. ஒருநாள் வந்தான், பழைய கூட்டை அளந்தான், போனான். புது இடத்தில் கூடு எழும்பியது. அக்கா போய் முழம் போட்டுப் பார்த்தாள். கம்பின் உயரம் சரி, கம்புக்குக் கம்பு இடைவெளி சரி, கம்பின் பருமன்கூடச் சரி. தம்பியின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

கோழிகளைக் கொண்டுபோக மெக்கானிக் வண்டி ஏற்பாடு செய்தார். லாரி அல்ல, பஸ். டிப்போவில் தள்ளுபடியான பழைய பஸ் ஒன்றை அவருடைய சிநேகிதர் வாங்கிக் காய்கறி ஏற்ற வைத்திருந்தார். முன்பாதி சீட்டுகள் இன்னும் இருந்தன. கூடைகளில் அடைத்துத்தான் ஏற்றினார்கள். ஆனால் முதல் வேகத்தடையிலேயே நாலு கூடை கவிழ்ந்தது. பிறகு சீட்டின் முதுகில் ஒன்று, கைப்பிடிக் கம்பியில் ஒன்று, டிரைவர் தோளுக்குப் பின்னால் ஒன்று என்று அவை வசதியாக உட்கார்ந்துகொண்டன. மேனேஜர் கண்டக்டர் சீட்டில் நின்றது. டேப், வண்டி கிளம்பின நிமிஷத்திலிருந்து அதன் கண்ணில் படாமல் கடைசிப் படியில் தொங்கிக்கொண்டு வந்தான்.

சிக்னலில் ஒரு பெரியவர் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார். "மார்க்கெட் போகுமா?"

"போகாது. இது ஸ்பெஷல்" என்றார் மெக்கானிக்.

பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கறுப்புக் கோழி அவரைத் திருப்பிப் பார்த்தது. "உட்கார இடமும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புதுக் கூட்டில் அக்கா அவற்றை இரண்டு நாள் வெளியே விடாமல் அடைத்து வைத்தாள். இடம் பழகட்டும் என்று எல்லோரும் செய்வதுதான். உள்ளே ஒரே ரகளை. புது இடம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் திறந்துவிட்டாள். பகலெல்லாம் தோட்டத்தைக் கிளறிக்கொண்டு சந்தோஷமாகவே இருந்தன. சாயங்காலம் கறுப்பு முன்னால் போக, மற்றவை பின்னால் கூட்டுக்குள் நுழைந்தன. அக்கா கணவரைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள், போன வேகத்தில் அத்தனையும் வெளியே வந்துவிட்டன. சில ஓட்டின் மேல் ஏறின. சில பாதாம் மரத்தில் ஏறின. ஏழெட்டு, மெக்கானிக்கின் ஸ்கூட்டரில் வரிசையாக உட்கார்ந்தன.

"புதுசு இல்லையா" என்றாள் அக்கா.

"ஸ்கூட்டரும் அதுங்களுக்குப் புதுசுதான். அதுல எவ்வளவு ஒழுங்கா உட்கார்ந்திருக்கு பாரு."

அன்றைக்குத் துரத்திப் பிடித்தார்கள். மறுநாளும். அதற்கு மறுநாள் மெக்கானிக் பாதி ஏணியில் நின்றுகொண்டு, "ஏம்மா, அந்த மூணாவது மாடியை வேற யாருக்காவது கொடுத்துட்டாங்களான்னு கேளு" என்றார். இறங்கி வந்து, முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே வியாபாரிக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு வரச் சொன்னார். கோழியைக் கூண்டில் ஏற்ற அதுதான் சுலபமான நேரம். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். வாக்கு வாக்குதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்தாள். தன்னைக் கண்டு பயப்படாதவை, எதைக் கண்டு பயப்படுகின்றன என்று பார்த்துவிடத் தீர்மானம்.

கறுப்பு வந்தது. வாசலைத் தாண்டியதும் இப்படி அப்படிப் பார்க்காமல், தன் வீட்டு மாடிப்படிக்குப் போகிறவளைப் போல விறுவிறுவென்று இடது பக்கம் திரும்பிப் போயிற்று. சுவர்வரை போய் நின்று அண்ணாந்து பார்த்தது. அங்கே கூரைதான் இருந்தது. கறுப்பு ஒரு காலைத் தூக்கியது, வைத்தது, மறுபடி அண்ணாந்தது. அதற்குள் பின்னால் வந்த கூட்டம் அதன் மேல் மோதியது. இடது பக்கம் பெஞ்ச் கட்டைகள். பெஞ்ச் கோழிகளோ பழக்கதோஷத்தில் வலது பக்கம் போய்ப் பால்கனிக்கு அடியில் நின்று விழித்தன. யாரோ யாரையோ கொத்தினார்கள். அவ்வளவுதான், மொத்தக் கொட்டகையும் காலி.

அக்கா வாளியை விட்டு எழுந்திருக்கவில்லை. தியேட்டரில் ஒருதடவை இடது வாசல் கதவு உடைந்துபோய், எல்லோரையும் வலது வாசல் வழியாக விட்டார்கள். வருஷக்கணக்காக ஒரே சீட்டில் உட்கார்ந்த ஒரு வக்கீல், இருட்டில் தன் சீட்டுக்கு என்று எண்ணி நடந்துபோய் ஒரு அம்மாளின் மடியில் உட்கார்ந்துவிட்டார். படத்தை நிறுத்தி விளக்குப் போடவேண்டியதாயிற்று. இங்கேயும் அதேதான் நடக்கிறது. கூட்டில் எல்லாம் இருக்கிறது, பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. முழம் போட்ட அன்றைக்கு அவளும் உயரத்தைத்தான் பார்த்தாள், பக்கத்தைப் பார்க்கவில்லை. கோழியும் வக்கீலும் ஒரே ஜாதி.

தம்பியை உடனே வரச் சொன்னாள். அவன் டேப்பைப் பிடித்தபடி வந்தான்.

"டேய், பால்கனி எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"பழைய கூட்டுல எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்தான் அக்கா. நான் கண்ணால பார்த்து அளந்தேன்."

"எங்க நின்னு பார்த்தே?"

தம்பி டேப்பை இழுத்தான், விட்டான். அது சர்ரென்று உள்ளே போயிற்று.

"சொல்லுடா."

"பின்னால ஜன்னல் இருந்துச்சில்ல, வலை போட்ட ஜன்னல். அது வழியா."

"வாசல் இருக்கும்போது ஜன்னல் வழியா எதுக்கு?"

"வாசல்ல மேனேஜர் நின்னுட்டிருந்தார்."

அக்காவுக்குக் கோபம் வரவேண்டிய இடம். சிரிப்புதான் வந்தது.

"ஒரு வான்கோழிக்கு இவ்வளவு மரியாதையா?"

"நீ சொல்லுவே. தொடையைப் பிடிச்சா தெரியும். வலைக்குள்ள கையை விட்டு, டேப்பை நீட்டி, எவ்வளவு கஷ்டப்பட்டு அளந்தேன் தெரியுமா? நூல் பிசகல."

"நூல் பிசகல. திசைதான் பிசகிடுச்சு. நீ பின்னால நின்னு பார்த்ததை முன்னால நின்னு பார்த்ததா நினைச்சுக் கட்டியிருக்கே. சரி, பிரிச்சு மாத்து."

"இப்பவா? அக்கா, நான் ஒரு ஆணி அடிக்கல. மரத்துக்குள்ள மரத்தைச் செருகி இறுக்கியிருக்கேன். நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் அசையாது. பிரிக்கிறதுக்கே நாலஞ்சு நாள் ஆகும்."

"நாளைக்கு வியாபாரி வர்றான்டா."

இருவரும் கூட்டுக்குள்ளேயே நின்றார்கள். தம்பி கம்புகளைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், எதிர்ச் சுவரைப் பார்த்தான். பிறகு மெதுவாகப் போய் எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றான். அங்கிருந்து பார்த்தால் பால்கனி அவனுக்கு இடது பக்கம் இருந்தது.

"அக்கா, கம்பை ஏன் மாத்தணும்? கதவை மாத்திடலாம். அந்த வாசலை அடைச்சுட்டு, இந்தச் சுவர்ல ஒரு வாசல் திறந்தா, நுழையறப்போ எல்லாம் பழையபடி ஆயிடும். இது வெறும் பலகை. அரை நாள் வேலை."

அக்கா அந்தச் சுவரைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் பாதாம் மரம். மரத்தடியில் நாற்காலி. ஒரு ஈ காக்கா வராது என்று அவள் வாக்குக் கொடுத்த இடம். காலையும் மாலையும் நூற்று நாற்பது கோழி அந்த வழியாகப் போய்வந்தால் அப்புறம் அங்கே ரேடியோ எங்கே, ஓய்வு எங்கே? அந்த மனுஷன் மூன்றாவது மாடியை விட்டுக்கொடுத்தது இந்த நிழலுக்காக.

"வேண்டாம்டா" என்றாள். "அது உங்க மாமா இடம்."

"மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா…"

"கேட்டா சரின்னுடுவார். அதனாலதான் கேட்கக்கூடாது. விடு. நாளைக்கு வியாபாரி வரட்டும். கறுப்பையும் இன்னும் அஞ்சாறையும் மட்டும் வச்சுக்கிறேன். அதுங்களை என்னால பிடிக்க முடியும்."

சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் குனிந்து வாளியை நிமிர்த்தியவள், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது.

"மாப்ள."

"மாமா?"

"ரம்பம் கொண்டு வந்திருக்கியா, இல்ல டேப்பை மட்டும் கட்டிக்கிட்டு வந்துட்டியா?"

தம்பி இடுப்பிலிருந்த டேப்பைக் கையால் மூடிக்கொண்டான்.

"இந்தப் பலகை காகிதம் மாதிரி மெல்லிசா இருக்கு. நீங்க பேசறதுல ரேடியோவே கேட்கல. காலையில வா. என் நாற்காலி ஒரு அடி தள்ளிப் போடற மாதிரி வாசல் வை."

"என்னங்க, அப்புறம் உங்களுக்கு அங்க நிம்மதியே இருக்காது" என்றாள் அக்கா பலகையைப் பார்த்து.

"ஏணியில தொங்கிக்கிட்டிருந்தப்போ ரொம்ப நிம்மதியா இருந்தேன் பாரு. பேச்சைக் குறை. காபி போடு."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வேலை ஆரம்பமானது. மெக்கானிக் சும்மா இருக்கவில்லை. கீல் அவருடைய வேலை என்று சொல்லி, எங்கேயோ வைத்திருந்த பஸ் கதவுக் கீலைக் கொண்டுவந்து மாட்டினார். பகல் சாப்பாட்டுக்குள் பழைய வாசல் அடைபட்டது, புது வாசல் திறந்தது. வழியில் இருந்த, கோழிகள் முட்டையிடும் பெட்டிகளைத் தூக்கி இடம் மாற்றினார்கள்.

வியாபாரி சொன்ன நேரத்துக்கு வந்தான். சின்ன வண்டி நிறைய பிளாஸ்டிக் கூண்டுகள். வந்தவன் ஒரு பார்வை பார்த்தான். கோழிகள் எல்லாம் அடைத்த வாசலுக்கு முன்னால் கூட்டமாக நின்றன. திறக்குமா திறக்காதா என்ற நிலை.

"என்ன அண்ணே, பிடிக்க ஆரம்பிக்கலாமா?"

"பொறு" என்றார் மெக்கானிக். போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவியிடம், "தூக்கி உள்ள விடக்கூடாது. அதுதான் பேச்சு" என்றார்.

"கூப்பிடலாமில்ல?"

அவர் யோசித்தார். "கூப்பிடு."

அக்கா கூட்டைச் சுற்றிக்கொண்டு மரத்தடிக்கு வந்து நின்று கூப்பிட்டாள். எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான், சத்தம் கூட்டாமல். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒரு கோழி அடைத்த வாசலை விட்டு ஓட்டுப் பக்கம் பார்க்க ஆரம்பித்தது. வியாபாரி ஒரு கூண்டை இறக்கித் தரையில் வைத்தான். அக்கா அதைப் பார்க்காமல் மூன்றாவது தடவை கூப்பிட்டாள்.

கூட்டின் மூலையில் கறுப்புத் தலை தெரிந்தது. நின்றது. ஒரு கண்ணால் வாசலைப் பார்த்தது. தலையைத் திருப்பி மற்றக் கண்ணாலும் பார்த்தது. வாசலுக்கு நேர் வழியில் மெக்கானிக்கின் கால்கள் இருந்தன. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மடங்காத முட்டியோடு, இரண்டு காலையும் தரையை விட்டுத் தூக்கினார். கறுப்பு நாற்காலிக்கு அடியில் நுழைந்து உள்ளே போயிற்று. இடது பக்கம் திரும்பிற்று. கம்பில் நகம் படும் சத்தம் கேட்டது. பிறகு இறக்கையை உதறும் சத்தம்.

அதற்குப் பிறகு யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அவை மூலையைத் திரும்பி வந்தன, நாற்காலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடியிலும். மெக்கானிக் காலைத் தூக்கினவர் தூக்கினபடி இருந்தார். தம்பி வந்து ஒரு வாளியைக் காலுக்கு அடியில் கொடுத்தான். உள்ளே ஓரிரு கொத்து விழுந்தது, யாரோ முனகினார்கள், அடங்கிவிட்டது. கடைசியாக வாத்துகளும் நுழைந்துவிட்டன; வெளியே நின்றது மேனேஜர் மட்டும்தான்.

வியாபாரி தலையைச் சொறிந்தான். "அண்ணே, இவ்வளவு தூரம் வந்துட்டேன். அந்த வான்கோழியையாவது கொடுங்க."

"தாராளமா. எங்க மாப்ளயைப் பிடிச்சுத் தரச் சொல்லு."

டேப் ஏற்கனவே வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றிருந்தான்.

அக்கா வியாபாரிக்கு டீ கொடுத்து, ஒரு பை முட்டையும் கொடுத்து அனுப்பி வைத்தாள். திரும்பி வந்தபோது மெக்கானிக் நாற்காலியில் இல்லை. புது வாசலுக்கு முன்னால் கஷ்டப்பட்டுக் குனிந்து, கீலில் விரலால் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"கிறீச்சுங்குது. உள்ள தூங்கறவங்களுக்குத் தொந்தரவு" என்றார். பிறகு நிமிராமலே கேட்டார்: "காலையில இதை எப்பத் திறக்கணும்? நான்தானே இங்க முதல்ல வந்து உட்காருவேன்."

"வெளிச்சம் வந்ததும்."

"வெளிச்சம் வந்ததும்னா? ஆறா, ஆறேகாலா?"

"நீங்க வந்து உட்காருங்க. அதுங்க சொல்லும்."

"சொல்லுமாம்" என்று முணுமுணுத்துக்கொண்டு, கதவை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். இப்போது சத்தம் வரவில்லை.